வருமுன் காத்த வைத்தியர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, பம்பும் பேரிங்குமாகக் காலம் தள்ளுகிற எனக்கு என்ன எழுத வரும் என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. பிடித்த ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதிக் கொடு, போதும் என்றுவிட்டார்கள். பொறியியல் படித்தவன் ஆயிற்றே, ஜேம்ஸ் வாட்டையோ விஸ்வேஸ்வரய்யாவையோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டதோ ஒரு நாட்டுப்புற டாக்டரை. பெயர் எட்வர்ட் ஜென்னர். பெரியம்மைக்குத் தடுப்பு மருந்து கண்டவர் என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி படித்து, ஒரு மார்க் கேள்விக்கு விடை எழுதி, அதோடு மறந்திருப்போம்.

ஏன் இவர்? காரணம் உண்டு. மெக்கானிக்கல் பிரிவில் படித்து முடித்து வெளியே வந்த நாளிலிருந்து நான் பார்ப்பது மெயின்டனன்ஸ் வேலை. எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை. மெஷின் நின்றுபோய், ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்து ஓட வைத்தால், காலையில் மேலதிகாரி வந்து கை குலுக்குவார். அதே மெஷின் நிற்கவே நிற்காதபடி மாதா மாதம் எண்ணெய் மாற்றி, போல்ட்டை முறுக்கிப் பார்த்து வந்தால் ஒருத்தரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நடக்காத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்? ஜென்னர் செய்ததும் இந்த ரகத்து வேலைதான். ஆனால் அவர் கையில் இருந்தவை குழந்தைகளின் உயிர்கள்.

இன்னொரு காரணம், நம்மில் பலர் இப்போது சின்னக் குழந்தைகளுக்கு அப்பா, அம்மா. எங்கள் வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு பேச்சு வரும். ஊசி போட்டால் காய்ச்சல் வருதே, நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்கு அழ வைக்கணும், அந்த நோயெல்லாம் இப்போ எங்கே இருக்கு என்று. பெற்றவர்களுக்கு வருகிற நியாயமான கேள்விதான். அதற்கு நான் சொல்லக்கூடிய பதில் இந்த மனிதரின் வாழ்க்கைக்குள் இருக்கிறது.

லாயத்தில் கிடந்த பையன்

இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பகுதியில் பெர்க்லி என்று ஒரு சிற்றூர். பால் மாடுகளுக்குப் பேர்போன சீமை. 1749 மே 17-ஆம் தேதி அங்கே பிறந்தார் ஜென்னர். அப்பா அந்த ஊர்ப் பாதிரியார். ஒன்பது பிள்ளைகளில் இவர் எட்டாவது. ஐந்து வயதில், 1754-ல், அப்பா அம்மா இரண்டு பேரையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். பிறகு அண்ணன்தான் வளர்த்தார்.

அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் மட்டும் பெரியம்மை ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பேரைக் கொண்டுபோனது என்று கணக்கிடுகிறார்கள். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு. சிலருக்குக் கண்ணே போயிற்று. பெரியவர்களில் பலர் சிறு வயதிலேயே நோய் வந்து தப்பியவர்கள். ஆகையால் புதிதாக மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குழந்தைகள்தான். நம் ஊரில் ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதை நிறுத்தி, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்களே, அங்கேயும் அதே பயம்தான். சாமி மட்டும் வேறு.

தடுக்கவும் ஒரு வழி இருந்தது. பெரியம்மைக் கொப்புளத்தின் சீழைக் கொஞ்சம் எடுத்து, நோயில்லாத பிள்ளையின் தோலைக் கீறி அதில் வைப்பார்கள். பெரும்பாலும் லேசாக அம்மை கண்டு இறங்கிவிடும். அப்புறம் அந்தப் பிள்ளைக்குப் பெரியம்மை வராது. துருக்கியிலும் நம் வங்காளத்திலும் முன்பே இருந்த முறை இது. துருக்கியில் தூதராக இருந்தவரின் மனைவி மேரி வோர்ட்லி மாண்டேகு, 1721-ல் லண்டனில் தன் மகளுக்கே இதைச் செய்வித்து இங்கிலாந்தில் பரப்பினார். ஆனால் இதிலும் நூற்றுக்கு ஒருவர் இருவர் இறந்தார்கள். குத்திக்கொண்ட பிள்ளையிடமிருந்து அக்கம்பக்கத்தாருக்குப் பெரியம்மை தொற்றுகிற ஆபத்தும் இருந்தது.

எட்டு வயதில் ஜென்னருக்கும் இது நடந்தது. முதலில் உடம்பைத் தயார் செய்கிறோம் என்று ஆறு வாரம் அரைப்பட்டினி போட்டார்கள். பேதிக்குக் கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். எலும்பும் தோலுமாக ஆன பையனுக்குச் சீழைக் குத்தி, மற்ற பிள்ளைகளோடு ஒரு குதிரை லாயத்தில் அடைத்து வைத்தார்கள். பிழைத்து வந்துவிட்டார். ஆனாலும் நெடுநாள் சரியான தூக்கமில்லை. சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவாராம். நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்கு வதைக்கணும் என்ற கேள்வியை நாம் கேட்கிறதுக்கு முன்னாலேயே தன் உடம்பில் அனுபவித்தவர் அவர்.

குயில் குஞ்சைக் கவனித்தவர்

பதினாலு வயதில் டேனியல் லட்லோ என்ற அறுவை வைத்தியரிடம் தொழில் பழகப் போனார். அங்கே ஒரு பால்காரப் பெண், தனக்கு மாட்டம்மை வந்துவிட்டதால் பெரியம்மை வராது என்று சொன்னதைக் கேட்டுத்தான் ஜென்னருக்குப் பொறி தட்டியது என்று எல்லாப் புத்தகத்திலும் கதை வரும். வரலாற்று ஆய்வாளர்கள் இப்போது அதை ஏற்பதில்லை. வாழ்க்கை வரலாறு எழுதிய நண்பர் பிற்காலத்தில் சேர்த்தது என்கிறார்கள். அந்த வட்டாரத்து வைத்தியர் ஜான் ஃபியூஸ்டர் முதலியோர், மாட்டம்மை கண்டவர்களுக்குப் பெரியம்மைச் சீழ் குத்தினால் பிடிப்பதில்லை என்று முன்பே கவனித்திருந்தார்கள்.

1770-ல் லண்டன் போய், அக்காலத்தின் மிகப் பெரிய அறுவை நிபுணரான ஜான் ஹண்டரிடம் மாணவராகச் சேர்ந்தார். உட்கார்ந்து ஊகித்துக்கொண்டிருக்காதே, செய்து பார் என்பதுதான் ஹண்டரின் பாடம். கேப்டன் குக்கின் முதல் பயணத்தில் சேகரித்து வந்த உயிரின மாதிரிகளை வகைப்படுத்தும் வேலை ஜென்னருக்குக் கிடைத்தது. அடுத்த பயணத்துக்கு வரச்சொல்லி அழைப்பும் வந்தது. மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெர்க்லிக்கே திரும்பி, கிராமத்து டாக்டராக உட்கார்ந்தார். நம்மில் எத்தனை பேர் இப்படி ஒரு வாய்ப்பை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவோம்?

ஊரில் இருந்தாலும் கண் சும்மா இருக்கவில்லை. நம் ஊர்க் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிற மாதிரி, அந்த நாட்டுக் குயிலும் சின்னக் குருவிகளின் கூட்டில் முட்டையிடும். அங்கே இருந்த மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் வெளியே தள்ளுவது யார்? தாய்க் குயில் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கண்கூடத் திறக்காத குயில் குஞ்சே தன் முதுகுப் பள்ளத்தில் ஏற்றி வெளியே தள்ளுகிறது என்று ஜென்னர் கண்டு எழுதினார். பலர் நம்பவில்லை. பிற்காலத்தில் படம் பிடித்துப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே சரி. இந்த ஆராய்ச்சிக்காகத்தான் 1789-ல் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார், அம்மைக்காக அல்ல.

1796 மே 14

மாட்டின் மடியில் வரும் கொப்புளம், பால் கறப்பவர்களின் கையில் தொற்றும். இதுதான் மாட்டம்மை. சில நாளில் ஆறிவிடும். இது வந்தவர்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்று அந்தச் சீமையில் பேச்சு இருந்தது. பேச்சை நம்பிக் காரியத்தில் இறங்கியவரும் உண்டு. டார்செட் பகுதியில் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி 1774-ல் தன் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் மாட்டம்மையைக் குத்தினார். மூன்று பேரும் தப்பினார்கள். ஆக, முதலில் செய்தவர் ஜென்னர் அல்ல. சோதித்து, எழுதி வைத்து, உலகத்துக்கு எடுத்துக் கொடுத்தவர் ஜென்னர்.

1796 மே 14-ஆம் தேதி சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற ஏழைச் சிறுவனின் கையில் குத்தினார். அந்தப் பசுவின் பெயர் பிளாசம். அதன் தோல் லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பத்திரமாக இருந்து வந்தது. பையனுக்கு லேசாகக் குளிரும் அசதியும் வந்து ஓரிரு நாளில் சரியாயிற்று. ஜூலை 1-ஆம் தேதி அதே பையனுக்கு உண்மையான பெரியம்மைச் சீழைக் குத்தினார். ஒன்றும் ஆகவில்லை. பையனுக்கு அப்போது எட்டு வயது. லாயத்தில் கிடந்த ஜென்னருக்கும் அதே எட்டு வயதுதான்!

இன்றைய விதிமுறைப்படி இப்படி ஒரு சோதனைக்கு அனுமதியே கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால் பெரியம்மைச் சீழ் குத்துவது அன்று வழக்கத்தில் இருந்த முறை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு அவர் நின்றுவிடவும் இல்லை. 1789-ல் பிறந்த மூத்த மகனுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே பன்றியம்மையைக் குத்திப் பார்த்தவர். 1798-ல் பதினோரு மாதக் குழந்தையான இளைய மகன் ராபர்ட்டுக்கும் மாட்டம்மையைக் குத்தினார். அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் புத்தகத்தில் எழுதினார்.

முதல் கட்டுரையை ராயல் சொசைட்டி ஏற்கவில்லை. ஒரே ஒரு பையனை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய முடிவா என்பது அவர்கள் எண்ணம். நாம் கூட ஒரு சாம்பிளை மட்டும் சோதித்துவிட்டு மொத்த லாட்டையும் பாஸ் பண்ண மாட்டோமே! ஜென்னர் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. மாட்டம்மை அந்தப் பக்கம் மறுபடி தலைகாட்டும் வரை காத்திருந்தார். 1798-ல் மேலும் சில குழந்தைகளுக்குக் குத்தினார். ஒரு குழந்தையின் கையிலிருந்து அடுத்த குழந்தைக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று சங்கிலியாகக் கொண்டுபோகலாம் என்று காட்டினார். 23 பேரின் விவரங்களோடு அந்த ஆண்டே சொந்தச் செலவில் புத்தகம் போட்டார்.

கைக்குக் கை மாறிய பால்

கேலிக்குக் குறைவில்லை. ஊசி குத்திக்கொண்டவர்களின் உடம்பில் மாடு முளைப்பதாக 1802-ல் ஜேம்ஸ் கில்ரே வரைந்த கார்ட்டூன் ஊரெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்தது. அந்தக் காலத்து ஃபார்வேர்டு மெசேஜ் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஜென்னர் இதை ரகசிய மருந்தாக வைத்துக்கொண்டு காசு பார்த்திருக்கலாம். செய்யவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மருந்தை அனுப்பினார், கடிதம் எழுதினார். தொழில் படுத்துவிட்டது. பாராளுமன்றம் 1802-ல் 10,000 பவுனும் 1807-ல் 20,000 பவுனும் வழங்கி ஈடுகட்டியது. வீட்டுத் தோட்டத்தில் இருந்த சின்னக் குடிசையில் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகக் குத்தினார். இங்கிலாந்தோடு சண்டையில் இருந்த நெப்போலியன்கூட, ஜென்னர் கேட்டார் என்பதற்காகக் கைதிகளை விடுவித்தான்.

ஃபிரிட்ஜ் இல்லாத காலம். நூலில் நனைத்து உலர்த்தியும், இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்தும் அனுப்பினார்கள். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். 1803-ல் ஸ்பெயினிலிருந்து டாக்டர் பால்மிஸ் தலைமையில் புறப்பட்ட கப்பலில் 22 அநாதைச் சிறுவர்கள் இருந்தார்கள். கடல் தாண்டும் வரை ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்கு மாற்றி மாற்றியே மருந்தைத் தென்னமெரிக்கா வரை கொண்டுபோனார்கள். அந்தப் பிள்ளைகள்தான் அன்றைய கோல்ட் செயின்!

இந்தியாவுக்கு அது பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்தது. 1802 ஜூன் 14-ல் பம்பாயில் ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு முதலில் குத்தப்பட்டது. அங்கிருந்து மற்ற ஊர்களுக்கும் சென்னைக்கும் பரவியது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று இடங்களிலும் நிதி திரட்டி ஜென்னருக்கு அனுப்பினார்கள் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. பிற்காலத்தில் நம் ஊரில் இந்த மருந்துக்கு அம்மைப்பால் என்றே பெயர். கிண்டியில் உள்ள கிங் நிலையம் 1899-ல் தொடங்கப்பட்டதே அம்மைப்பால் தயாரிக்கத்தான். அம்மை குத்துறவர் வந்துட்டார் என்று கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடிய கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். ஓடிய தாயும் பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் ஓடினாள்.

அவர் வீட்டில் நுழைந்த நோய்

ஊர்ப் பிள்ளைகளைக் காத்தவரின் வீட்டுக்குள் வேறொரு நோய் வந்தது. காசநோய். 1810-ல் மூத்த மகன் எட்வர்டைக் கொண்டுபோனது. வயது இருபத்தொன்று. கைக்குழந்தையாக அப்பாவின் கையால் பன்றியம்மை குத்திக்கொண்ட அதே பிள்ளை. 1815-ல் மனைவி கேதரினையும் அதே நோய் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஜென்னர் பெர்க்லியை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. ஒரு நோயைத் தடுக்க வழி தெரிந்திருந்தது, தடுத்தார். இன்னொன்றுக்கு வழியே தெரியாது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

ஜேம்ஸ் ஃபிப்ஸை மறக்கவில்லை. அவனுக்குக் குடியிருக்க வாடகையில்லாமல் ஒரு வீடு கொடுத்தார். 1823 ஜனவரி 26-ல் பக்கவாதம் தாக்கி ஜென்னர் இறந்தபோது, இறுதிச் சடங்கில் ஃபிப்ஸும் நின்றான்.

காசநோய்க்கு வழி பிறக்க மேலும் நூறு வருஷம் ஆயிற்று. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பதின்மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்த ஒரு கிருமி, 1921-ல் பாரிஸில் ஒரு பச்சைக் குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. அதுதான் பி.சி.ஜி. அவர்கள் எடுத்துக்கொண்டது மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமி. மறுபடியும் மாடு! நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் போடும் முதல் ஊசிகளில் அது ஒன்று. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கடுமையான காசநோயை அது நன்றாகத் தடுக்கும். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த அளவுக்குத் தடுக்காது. 1948-ல் அதற்கென்று ஆய்வுக்கூடம் அமைந்ததும் நம் கிண்டியில்தான்.

மிச்ச வேலை

ஜென்னர் சொன்னதெல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு தரம் குத்தினால் ஆயுளுக்கும் போதும் என்று நம்பினார். சில ஆண்டுகளில் காப்பு குறையும், மறுபடி குத்த வேண்டும் என்று பின்னால் தெரிந்தது. கைக்குக் கை மாற்றியதில் வேறு நோய்கள் தொற்றின. அதனால் கன்றுக்குட்டியில் வளர்த்த பாலுக்கு மாறினார்கள். அப்புறம் வெப்பம் தாங்கும் உலர் மருந்து வந்தது. 1960-களில் இரண்டு முனை உள்ள ஒரு சின்ன ஊசி வந்தது. நம் தொழிலில் உள்ளவர்கள் அதன் படத்தைப் பார்த்தால் ரசிப்பார்கள். அவ்வளவு எளிமை, தேவையான ஒரு துளி மருந்து மட்டும் முனைகளுக்கு நடுவில் நிற்கும். இவற்றைக் கொண்டு ஊர் ஊராகத் தேடிப்போய் நோயை விரட்டினார்கள். இந்தியாவில் கடைசியாக ஒருவருக்குப் பெரியம்மை கண்டது 1975 மே மாதம். 1980 மே 8-ல் உலகத்தில் பெரியம்மையே இல்லை என்று உலக சுகாதார சபை அறிவித்தது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடி உயிர்களை வாங்கிய நோய்! தடுப்பு மருந்து எல்லாவற்றுக்குமே வேக்ஸின் என்று பெயர் வைத்து ஜென்னருக்கு மரியாதை செய்தவர் லூயி பாஸ்டர். லத்தீன் மொழியில் வாக்கா என்றால் பசு.

என் அப்பாவின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது. என் கையில் இல்லை. எனக்குக் குத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இந்த இடத்தில்தான் நம் வாட்ஸ்அப் கேள்விக்குப் பதில். பெரியம்மை போய்விட்டது, அதனால் அந்த ஊசியை நிறுத்தினார்கள். தட்டம்மை போகவில்லை. கக்குவான் இருமல் போகவில்லை. தொண்டை அடைப்பான் போகவில்லை. இவை நம் தெருவில் தென்படாததற்குக் காரணம், தெருவில் உள்ள மற்ற பிள்ளைகள் ஊசி போட்டிருக்கிறார்கள். தட்டம்மை பரவாமல் இருக்க நூற்றுக்குச் சுமார் 95 பேருக்குக் காப்பு இருக்க வேண்டும். ஒன்பது மாதம் ஆகாததால் இன்னும் ஊசி போடாத பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும், வேறு நோய்க்குச் சிகிச்சை எடுப்பதால் போட முடியாத குழந்தையும் நம் பிள்ளைகளை நம்பித்தான் இருக்கிறார்கள். வேலி ஓரத்தில் ஒரு முள்ளை எடுத்தால் தெரியாது. பத்து முள்ளை எடுத்தால் மாடு உள்ளே வந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. லாயமும் பட்டினியும் நம் பிள்ளைகளுக்கு இல்லை. பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில், ஒன்பது மாதம் முடிந்ததும், ஒன்றரை வயதை ஒட்டி, பள்ளிக்குப் போகிற ஐந்து வயதில் என்று அட்டையில் தேதி எழுதித் தருகிறார்கள். புதன்கிழமையானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுகிறார்கள். ஊசி போட்ட ராத்திரி லேசாகக் காய்ச்சல் அடித்தால், உடம்பு பாடம் படிக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குச் சாதாரண சளி இருக்கிறது என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒரு தவணை தவறிவிட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முன்பு ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அட்டையை நான் எங்கள் பிளான்ட்டின் லாக் புத்தகத்துக்குச் சமமாக மதிக்கிறேன். எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருந்தால், அதற்குப் பலனாக நமக்குக் கிடைப்பது எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாள். பிள்ளை சாப்பிட அடம்பிடிக்கும், பென்சிலைத் தொலைக்கும், தூங்க மறுக்கும். அந்தச் சாதாரண நாள் ஜென்னர் காலத்துத் தாய்மார்களில் எத்தனையோ பேருக்கு வாய்க்கவில்லை.

சந்திப்பு நாளன்று நண்பர்கள் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாம் உள்ளே உட்கார்ந்து பழைய கதை பேசும்போது, நம் பிள்ளைகள் கல்லூரி மைதானத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடட்டும். வளர்க நம் கல்லூரி! வளர்க நம் பிள்ளைகள்!

(கட்டுரையாளர்: இயந்திரப் பொறியியல் பிரிவு, 2006–2010)